எடை கூடினால் மருந்தும் கூடும்: பிறவி சி.எம்.வி. தொற்றுள்ள குழந்தையின் தாய்க்கு

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மற்ற வாசகர்களுக்கும் விளங்கும்படி அதன் சாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நிறைமாதத்தில் பிறந்த உங்கள் குழந்தைக்குப் பிறந்தபோதே தோலில் செம்புள்ளிகள் இருந்தன, இரத்தத் தட்டணுக்கள் குறைந்திருந்தன, கல்லீரல் வீங்கியிருந்தது, செவித்திறன் பரிசோதனையில் இடது காது தேறவில்லை. இரண்டாம் வாரத்தில் சிறுநீரில் செய்த பி.சி.ஆர். பரிசோதனை, கருவிலேயே சைட்டோமெகலோ வைரஸ், அதாவது சி.எம்.வி., தொற்றியிருப்பதை உறுதி செய்தது. குழந்தை 3.1 கிலோ எடை இருந்தபோது வைரஸை அடக்கும் வால்கான்சிக்ளோவிர் என்ற திரவ மருந்தை வேளைக்கு 1 மி.லி. வீதம் நாளுக்கு இரண்டு வேளை தொடங்கினார்கள். இப்போது எடை 4.4 கிலோ, அளவை 1.4 மி.லி. ஆக உயர்த்தியிருக்கிறார்கள். நோய் முற்றுவதால்தான் மருந்தைக் கூட்டுகிறார்கள் என்று வீட்டில் பேச்சு எழுந்தது. மருந்துப் பெட்டிக்குள் இருந்த தாளிலோ புற்றுநோய் என்றும் மலட்டுத்தன்மை என்றும் எச்சரிக்கைகள் இருந்தன. பயந்துபோய், மருத்துவரிடம் சொல்லாமல், பழைய 1 மி.லி. அளவையே சில நாட்களாகக் கொடுத்து வருவதாக எழுதியிருக்கிறீர்கள்.

மற்றக் கேள்விகளுக்குப் போகுமுன் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். இன்றே உங்கள் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, எத்தனை நாட்களாக எந்த அளவு கொடுத்தீர்கள் என்பதை அப்படியே சொல்லிவிடுங்கள். அவர் கோபித்துக்கொள்வாரோ என்ற தயக்கம் வேண்டாம். குழந்தையின் உடலில் உண்மையில் எவ்வளவு மருந்து சென்றது என்று தெரியாமல் அடுத்த இரத்தப் பரிசோதனையை அவரால் சரியாகப் படிக்க முடியாது. விட்டுப்போனதை ஈடுகட்டுவதாக எண்ணி நீங்களாகவே கூடுதல் மருந்து எதையும் கொடுத்துவிட வேண்டாம். அவர் எழுதிக் கொடுத்த புதிய அளவுக்கு, அவரிடம் பேசிவிட்டு, அடுத்த வேளையிலிருந்து மாறினால் போதும்.

மருந்தைக் கூட்டியதற்கும் நோய் முற்றுவதற்கும் தொடர்பில்லை. பிறவி சி.எம்.வி. தொற்றுக்கு வால்கான்சிக்ளோவிரின் அளவு, குழந்தையின் ஒவ்வொரு கிலோ எடைக்கும் வேளைக்கு 16 மில்லிகிராம். அதைப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கொடுக்க வேண்டும். 3.1 கிலோவுக்கு இது ஏறக்குறைய 50 மில்லிகிராம். உங்கள் குப்பியின் மேல் ஒரு மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம் என்று அச்சிட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஆகவே அன்று 1 மி.லி. சரியாக இருந்தது. 4.4 கிலோவுக்குக் கணக்கிட்டால் 70 மில்லிகிராம் வருகிறது, அதுதான் 1.4 மி.லி. அன்றும் இன்றும் ஒரு கிலோவுக்கு மருத்துவர் கொடுக்கும் அளவு ஒன்றே; வளர்ந்திருப்பது குழந்தை. எடை நன்றாகக் கூடுவதால் மருந்து கூடுகிறது என்பது வீட்டில் எல்லோரும் மகிழ வேண்டிய செய்தி. ஆறாம் மாதத்தில் எடை 7 கிலோவை எட்டினால் வேளைக்கு 112 மில்லிகிராம், அதாவது 2 மி.லி.க்கும் சற்று மேல் தேவைப்படும் என்பதை இப்போதே தெரிந்துகொண்டால் அப்போது பதறமாட்டீர்கள். மாறாக, 4.4 கிலோ குழந்தைக்கு 50 மில்லிகிராமே கொடுத்தால் கிலோவுக்கு 11 மில்லிகிராம் சொச்சம்தான் சேரும். இந்தக் குறைவு மாதக்கணக்கில் நீடித்தால் வைரஸ் அரைகுறை மருந்துக்கு நடுவே பெருகிக்கொண்டே இருக்கும். மருந்துக்குக் கட்டுப்படாத வைரஸ் வகைகள் தலையெடுப்பதற்கு அதுவே வாய்ப்பாகிவிடும். உங்கள் சில நாட்களில் அப்படி நேர்ந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் குறைத்துக் கொடுப்பதே பாதுகாப்பானது என்ற எண்ணம் இந்த மருந்தைப் பொறுத்தவரை சரியல்ல.

இந்த 16 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும்; ஏனென்றால் உங்கள் பயத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. முதலில் பயன்பட்ட மருந்து, நரம்பு வழியாக ஏற்றப்படும் கான்சிக்ளோவிர். அதன் அளவு கிலோவுக்கு 6 மில்லிகிராம், பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. ஆறு வாரம் கைநரம்பில் குழாயோடு குழந்தையை மருத்துவமனையில் வைத்திருக்க வேண்டியிருந்தது. கான்சிக்ளோவிரை வாய்வழியாகக் கொடுத்தால் குடல் அதைச் சொற்பமாகவே உறிஞ்சும். அதனுடன் வாலின் என்ற அமினோ அமிலத்தை இணைத்து உருவாக்கியதுதான் வால்கான்சிக்ளோவிர். குடல் இதை நன்றாக உறிஞ்சிக்கொள்கிறது. குடற்சுவரிலும் கல்லீரலிலும் உள்ள நொதிகள் வாலினை வெட்டிவிட, கான்சிக்ளோவிர் இரத்தத்தில் சேர்கிறது. அப்போதும் வாய்வழியாகக் கொடுத்ததில் ஒரு பகுதிதான் இரத்தத்தை எட்டுகிறது. பிறந்த குழந்தைகளின் இரத்த மாதிரிகளை அடுத்தடுத்து எடுத்து அளந்து பார்த்து, வாய்வழியாகக் கிலோவுக்கு 16 மில்லிகிராம் கொடுத்தால் நரம்பு வழியாக 6 மில்லிகிராம் ஏற்றியதற்கு இணையான மருந்து இரத்தத்தில் நிற்கிறது என்று 2008ஆம் ஆண்டு வெளியான ஆய்வு நிறுவியது. பெரியவர்களின் அளவைச் சுருக்கிக் குழந்தைக்குக் கொடுத்த கணக்கல்ல இது. குழந்தைகளின் இரத்தத்திலேயே அளந்து கண்ட கணக்கு.

பெட்டிக்குள் இருந்த தாளில் இந்த அளவு ஏன் இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. அந்தத் தாள் பெரும்பாலும் உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர்களையும், எதிர்ப்பாற்றல் குறைந்த பெரியவர்களின் கண்ணைத் தாக்கும் சி.எம்.வி. நோயையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. பெரியவர்களுக்கு அதில் 900 மில்லிகிராம் என்று இருக்கும். உறுப்பு மாற்று செய்துகொண்ட குழந்தைகளுக்கு உடற்பரப்பையும் சிறுநீரகச் செயல்பாட்டையும் பெருக்கி, நாளுக்கு ஒரே வேளைக்கு வரும் ஒரு சூத்திரம் இருக்கும். அந்தச் சூத்திரம் நோய் வராமல் தடுப்பதற்கானது; உங்கள் குழந்தைக்குப் பொருந்தாது. அதை வைத்து மருத்துவரின் கணக்கைச் சரிபார்க்க முயன்றால் குழப்பமே மிஞ்சும். பிறவித் தொற்றுக்கு இந்த மருந்தைத் தருவது அந்தத் தாளின் எல்லைக்கு வெளியே, குழந்தைகளிடம் நடந்த ஆய்வுகளின் வலுவிலும் வல்லுநர் குழுக்களின் பரிந்துரையிலும் நடக்கும் சிகிச்சை. பச்சிளங்குழந்தை மருத்துவத்தில் பல மருந்துகளின் நிலை இதுவே. இதைச் சிகிச்சை தொடங்கும்போதே பெற்றோரிடம் விளக்கிச் சொல்லிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சொல்லாமல் விட்டால் தாளைப் படிக்கும் தாய் தனியாகப் பயந்து கிடக்க நேரிடுகிறது.

புற்றுநோய், மலட்டுத்தன்மை பற்றிய எச்சரிக்கை பொய்யல்ல. விலங்குகளில் செய்த ஆய்வுகளில் இந்த மருந்து கட்டிகளையும் விந்தணு உற்பத்திக் குறைவையும் உண்டாக்கியது. இந்த மருந்து பெற்ற குழந்தைகளிடம் அப்படிப்பட்ட பாதிப்பு நிறுவப்படவில்லை. ஆனால் அவர்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த பெரிய பதிவுகளும் இல்லை. ஆகவே இதை லேசாக எடுத்துக்கொள்ளும் மருத்துவர் இருக்கக் கூடாது. பிறவி சி.எம்.வி. தொற்று இருந்தும் எந்த அறிகுறியும் காட்டாத குழந்தைகளுக்கு இந்த மருந்தை வழக்கமாகக் கொடுப்பதில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் குழந்தையின் நிலை வேறு: தட்டணு, கல்லீரல், காது என்று பல உறுப்புகளில் நோயின் தடம் தெரிந்திருக்கிறது. இப்படிப்பட்ட குழந்தைக்குக் கேட்கும் திறனையும் பேச்சையும் காப்பாற்றக் கிடைக்கும் வாய்ப்பு, உறுதிப்படாத தொலைதூர ஆபத்தைவிடக் கனமானது. என் குடும்பத்துக் குழந்தைக்கு இந்த நிலை என்றாலும் இதையே செய்வேன்.

இந்தச் சிகிச்சையை ஆறு மாதம் ஏன் தொடர வேண்டும் என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. அறிகுறியுள்ள 96 குழந்தைகளைச் சேர்த்து, ஒரு பகுதியினருக்கு ஆறு வாரமும் மற்றவர்களுக்கு ஆறு மாதமும் வால்கான்சிக்ளோவிர் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2015இல் வெளியானது. ஆறாம் மாதத்தில் இரு பிரிவினரின் செவித்திறனிலும் வேறுபாடு தெரியவில்லை. பன்னிரண்டாம் மாதத்தில் தெரிந்தது: செவித்திறன் மேம்பட்டோ இயல்பாகவே நீடித்தோ இருந்த காதுகள், ஆறு மாதம் மருந்து பெற்றவர்களில் 73 சதவீதம், ஆறு வாரம் பெற்றவர்களில் 57 சதவீதம். இருபத்து நான்காம் மாதத்தில் அது 77க்கு 64 என்று இருந்தது. மொழித் திறனிலும், பிறர் சொல்வதைப் புரிந்துகொள்ளும் திறனிலும் ஆறு மாதப் பிரிவு முன்னே நின்றது. இந்தப் பயன் பெரியது என்று மிகைப்படுத்த நான் விரும்பவில்லை. கருவிலேயே ஏற்பட்டுவிட்ட சேதத்தை எந்த மருந்தும் திருப்பித் தராது. ஆனால் இந்த வைரஸ் பிறந்த பிறகும் உள்காதைத் தாக்கிக்கொண்டே இருக்கக்கூடியது; அந்தத் தாக்குதலை முதல் மாதங்களில் அடக்கி வைப்பதே சிகிச்சையின் நோக்கம். முதல் மாதத்துக்குள் தொடங்க வேண்டும் என்று வலியுறுத்துவதும் இதனால்தான். அந்த விஷயத்தில் உங்கள் மருத்துவர் காலம் தாழ்த்தவில்லை. ஆறு மாதத்துக்கு மேல் நீட்டினால் கூடுதல் பயன் உண்டு என்பதற்கு ஆதாரம் இல்லை, நீட்டுவதும் வழக்கமில்லை.

தோழியின் குழந்தைக்கு 21 நாட்களில் வைரஸ் மருந்து முடிந்துவிட்டதே என்று ஒப்பிட்டிருக்கிறீர்கள். அந்தக் குழந்தைக்கு ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் என்ற வேறு வைரஸ். அதற்கான அசைக்ளோவிரைக் கிலோவுக்கு 20 மில்லிகிராம் வீதம் எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நரம்பு வழியாக ஏற்றுவார்கள்; மூளையோ உள்ளுறுப்புகளோ தாக்கப்பட்டிருந்தால் குறைந்தது 21 நாள், தோல், கண், வாய் அளவில் நின்றிருந்தால் 14 நாள். அதன் பிறகும் வாய்வழியாக ஆறு மாதம் தொடர்வது வழக்கம். இரண்டு வைரஸ்களும் ஹெர்பிஸ் என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆனால் மருந்தாலும் அளவாலும் வேறு.

இனி உங்களை அதிகம் கலங்கவைத்த இரத்தப் பரிசோதனைக்கு வருகிறேன். கான்சிக்ளோவிர் வைரஸின் மரபணு நகலெடுப்பைத் தடுக்கிறது. வைரஸின் சொந்த நொதி ஒன்று அதைச் செயல்படும் வடிவுக்கு மாற்றுவதால் தொற்றிய அணுக்களில் அது அதிகம் சேர்கிறது. ஆனால் வேகமாகப் பெருகும் எலும்பு மஜ்ஜை அணுக்களையும் அது ஓரளவு தொட்டுவிடுகிறது. அதன் விளைவுதான் நியூட்ரோபில் என்ற வெள்ளணுக்களின் குறைவு. 2015 ஆய்வில் முதல் ஆறு வாரங்களில் 19 சதவீதக் குழந்தைகளுக்கு இது கடுமையான அளவில் ஏற்பட்டது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், அதற்குப் பிந்தைய மாதங்களில் மருந்தைத் தொடர்ந்தவர்களுக்கும் மருந்தில்லாத போலித் திரவத்துக்கு மாறியவர்களுக்கும் இடையே இதில் பெரிய வேறுபாடு இல்லை. நரம்பு வழிக் கான்சிக்ளோவிர் பெற்ற குழந்தைகளிடம் பழைய ஆய்வு கண்ட 63 சதவீதத்தோடு ஒப்பிட்டால் வாய்வழி மருந்து எவ்வளவோ சாந்தமானது.

நீங்கள் அனுப்பிய அறிக்கையில் மொத்த வெள்ளணுக்கள் 6,000 என்றும் நியூட்ரோபில் 15 சதவீதம் என்றும் இருக்கிறது. பதினைந்து சதவீதம் என்று பார்த்துவிட்டுத் திடுக்கிட்டிருக்கிறீர்கள். பார்க்க வேண்டியது சதவீதத்தை அல்ல, இரண்டையும் பெருக்கி வரும் எண்ணிக்கையை: 6,000இல் 15 சதவீதம் 900. மருத்துவர்கள் கோடு போட்டு நிற்கும் இடம் 500. அதற்குக் கீழே இறங்கினால் மருந்தை நிறுத்திவைத்து, எண்ணிக்கை 750ஐத் தாண்டிய பிறகு மீண்டும் தொடங்குவார்கள். மறுபடியும் விழுந்தால் அளவைப் பாதியாக்குவார்கள். அதற்குப் பிறகும் விழுந்தால் முழுவதுமாக நிறுத்திவிடுவார்கள். ஆகவே 900இல் மருந்தைத் தொடரச் சொல்லி, அடுத்த வாரமே மறுபரிசோதனைக்கு வரச் சொன்னது சரியான முடிவு. முதல் ஆறு வாரம் வாரந்தோறும், பின்னர் எட்டாம் வாரத்தில், அதன்பின் மாதந்தோறும் இந்த எண்ணிக்கையைப் பார்ப்பது வழக்கம். உடன் கல்லீரல் நொதியையும் சிறுநீரகத்துக்கான கிரியாட்டினினையும் பார்ப்பார்கள். ஒரு பரிசோதனையைத் தவறவிட்டுவிட்டு மருந்தை மட்டும் தொடர்வது கூடாது. ஒரு குறிப்பேட்டில் தேதி, எடை, நியூட்ரோபில் எண்ணிக்கை, வேளைக்கு எத்தனை மில்லிகிராம், எத்தனை மி.லி. என்பதை ஒரே வரியில் எழுதி வாருங்கள். மருத்துவர் விடுப்பில் இருந்து வேறொருவர் பார்க்க நேர்ந்தாலும் அந்த ஒரு வரி அவருக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

மில்லிகிராம், மில்லிலிட்டர் இரண்டையும் எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தயார்நிலைத் திரவம் கிடைக்காத வேளையில் மருந்தகத்திலேயே மாத்திரையிலிருந்து திரவம் தயாரித்துத் தருவார்கள். அதன் அடர்வு மில்லிலிட்டருக்கு 60 மில்லிகிராம் என்று இருந்தால், அதே 1.4 மி.லி. 84 மில்லிகிராம் ஆகிவிடும். அது உங்கள் குழந்தைக்கு மிகை. புதிய குப்பி கைக்கு வரும்போதெல்லாம் மேலே உள்ள எண்ணைப் படித்துவிட்டுத்தான் சிரிஞ்சைக் கையில் எடுக்க வேண்டும். எண் மாறியிருந்தால் கொடுக்காமல் மருந்தாளரையோ மருத்துவரையோ கேளுங்கள். மாத்திரையை வீட்டில் பொடித்துக் கரைத்துக் கொடுக்கவே வேண்டாம். அளவும் சரிவராது, அந்தத் தூள் மற்றவர் உடலில் படவும் கூடாது.

கொடுக்கும் முறையில் சில சொற்கள். கரண்டி வேண்டாம், பத்தில் ஒரு மி.லி. கோடுகள் உள்ள வாய்வழிச் சிரிஞ்ச் வேண்டும். குப்பியை நன்றாகக் குலுக்கி, சிரிஞ்சில் காற்றுக்குமிழி இல்லாமல் எடுத்து, கண்ணுக்கு நேராகப் பிடித்து அளவைப் பார்த்து, கன்னத்தின் உட்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். பாலூட்டும் வேளையை ஒட்டிக் கொடுத்தால் நன்றாக உறிஞ்சப்படும். ஆனால் பால் புட்டியில் கலந்துவிடாதீர்கள், புட்டியில் மிஞ்சும் பாலோடு மருந்தும் மிஞ்சிவிடும். கரைத்த திரவத்தைக் குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், உறையவிடக் கூடாது. தயார்நிலைத் திரவம் கரைத்த நாளிலிருந்து 49 நாள் வரை நிற்கும். மருந்தகம் தயாரித்ததற்கு அவர்கள் எழுதிய தேதியே கணக்கு. ஒரு வேளை தவறி, அடுத்த வேளை நெருங்கிவிட்டால் அடுத்ததை மட்டும் கொடுங்கள், இரட்டிப்பாக்கக் கூடாது. கொடுத்தவுடன் குழந்தை கக்கிவிட்டால், எவ்வளவு வெளியே வந்தது என்று நமக்குத் தெரியாது; மறுபடி கொடுக்குமுன் மருத்துவரைக் கேளுங்கள்.

இந்த மருந்து உடலைவிட்டு வெளியேறுவது சிறுநீரகங்கள் வழியாகத்தான். வயிற்றுப்போக்கோ தொடர் வாந்தியோ வந்து குழந்தையின் உடலில் நீர் வற்றினால் சிறுநீர் குறையும், மருந்து உடலில் தேங்கும். ஆகவே சிறுநீர் கழிப்பது வழக்கத்தைவிடத் தெளிவாகக் குறைந்தால் அன்றே தெரிவியுங்கள். உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டாலோ, பால் குடிக்க மறுத்துத் துவண்டாலோ, தோலில் புதிய செம்புள்ளிகள் தோன்றினாலோ இரவானாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட எந்தக் குழந்தைக்கும் காய்ச்சல் அவசர நிலைதான். வெள்ளணுக்கள் குறைந்த குழந்தைக்கு இன்னும் அதிகமாக.

தாய்ப்பாலை நிறுத்த வேண்டுமா என்று தயங்கியிருக்கிறீர்கள். வேண்டாம். குழந்தைக்கு ஏற்கெனவே தொற்று இருக்கிறது. நிறைமாதக் குழந்தைக்குத் தாய்ப்பாலால் கிடைப்பது நன்மையே.

வீட்டில் உங்கள் நாத்தனார் கருவுற்றிருப்பதால் அவரைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடலாமா என்ற கேள்விக்கும் அப்படியே: தேவையில்லை. அவர் மருந்தைக் கையால் தொடாமல் இருக்கட்டும். மருந்து கொடுக்கும் பொறுப்பு உங்களிடமோ உங்கள் கணவரிடமோ இருக்கட்டும். கையில் சிந்தினால் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவிவிடலாம். வைரஸ் குழந்தையின் எச்சிலிலும் சிறுநீரிலும் ஆண்டுக்கணக்கில் வெளிவரும்; மருந்து முடிந்த பிறகும் வரும். அணையாடை மாற்றுவதை அவர் தவிர்க்கலாம். எச்சிலைத் துடைத்தால் கை கழுவ வேண்டும். குழந்தையின் வாயோடு வாய் வைத்து முத்தமிடக் கூடாது. மடியில் வைத்துக் கொஞ்சுவதற்குத் தடையே இல்லை. சி.எம்.வி. ஊரில் உள்ள சிறுகுழந்தைகள் பலரிடமும் இருப்பது. கருவுற்ற எவரும் எந்தக் குழந்தையிடமும் இதே கவனத்தோடு இருக்க வேண்டியவர்தான். உங்கள் குழந்தையை மட்டும் ஒதுக்குவதில் எந்த நியாயமும் இல்லை. இந்தத் தொற்றுக்கு நீங்கள் காரணம் என்று யாராவது சொல்லியிருந்தால் அதையும் மனத்திலிருந்து நீக்கிவிடுங்கள். பெரும்பாலோருக்கு இந்தத் தொற்று தெரியாமலேயே வந்து போகும்.

கடைசியாக, மருந்தைவிடவும் நீண்ட காலம் தொடர வேண்டிய ஒன்று. ஆறு மாதம் முடிந்து மருந்து நின்ற பிறகு இரத்தத்தில் வைரஸின் அளவு மீண்டும் ஏறக்கூடும். அதற்காக மருந்தை மறுபடி தொடங்குவதில்லை. ஆனால் காது அப்போதும் கவனிப்பில் இருக்க வேண்டும். பிறந்தபோது தேறிய வலது காதிலும் பின்னாளில் குறை தோன்றக்கூடும். ஆகவே பெரா (ஒலிக்குக் கேட்பு நரம்பும் மூளையும் காட்டும் எதிர்வினையை அளப்பது) உள்ளிட்ட செவித்திறன் பரிசோதனைகளை முதல் மூன்று ஆண்டுகளில் ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவதும், அதன்பின் பள்ளிப் பருவம் முழுவதும் ஆண்டுக்கு ஒரு முறையும் செய்ய வேண்டும். முதல் ஆண்டில் இதைவிட அடிக்கடி கேட்கும் மருத்துவர்களும் உண்டு, அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். கண் விழித்திரைப் பரிசோதனை இதுவரை நடந்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை. அடுத்த முறை போகும்போது அதைக் கேட்டு வாங்குங்கள். இடது காதுக்குக் கேட்புக் கருவி தேவை என்று முடிவானால், வளர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். மூளை மொழியைப் பழகும் முதல் ஆண்டுக்குள்ளேயே பொருத்துவதுதான் பயன் தரும். ஆறு மாதத்துக்குள் பொருத்த முடிந்தால் இன்னும் நல்லது. முடிந்தால் அடுத்த வார இரத்தப் பரிசோதனைக்குப் போகும்போதே செவித்திறன் பரிசோதனைக்கும் ஒரு தேதி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.